‘மெத்தட்’ என்பதற்கு ‘வினை’ – ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவையும் அதன்மீதான செயல்களையும் ‘பொருள்’ (ஆப்ஜெக்ட்) என்னும் ஒரே அலகாகச் சேர்த்து எழுதுவது பொருள்நோக்கு நிரலாக்கம்; அதில் ஒரு பொருளின் செயலைச் செய்யும் நிரல்துண்டே ‘மெத்தட்’. இதற்கு ‘வழிமுறை’, ‘செயற்கூறு’ என்னும் இரு தமிழ்ச் சொற்கள் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்டன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா போன்றோர் வகுத்த மென்பொருள் உருவாக்க முறைகளையும் ஆங்கிலத்தில் ‘மெத்தட்’ என்றே சொல்வதால், அவற்றைக் குறிக்க ‘வழிமுறை’ நமக்குத் தேவைப்படுகிறது. அதையே ஒரு பொருளுக்குள் இருக்கும் சிறு நிரல்துண்டுக்கும் இட்டால், இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் பாடநூலில் மாணவர் தடுமாறுவார். ‘செயற்கூறு’ சி நிரல்மொழியில் எப்பொருளையும் சாராமல் தனித்து நிற்கும் நிரல்துண்டுக்கு (ஃபங்ஷன்) ஏற்கெனவே வழங்கிவருகிறது.

‘வினை’ என்றே வைக்கலாம் என்பது என் பரிந்துரை. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று விவரிக்கும் தேவைக் குறிப்பிலுள்ள பெயர்ச்சொற்களிலிருந்து பொருள்களையும் வினைச்சொற்களிலிருந்து அவற்றின் செயல்களையும் இனங்காணும் உத்தியை ரஸ்ஸல் ஆபட் 1983இல் எழுதினார். பூச் அதைப் பரவலாக்கினார். ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கு ஒரு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். ‘விவசாயி மூட்டைகளை இறக்குகிறார், வியாபாரி மாதிரியைப் பார்த்து விலை கூறுகிறார்’ என்ற குறிப்பில் விவசாயி, மூட்டை, வியாபாரி, மாதிரி ஆகியவை பொருள்களாகும், இறக்குதல், பார்த்தல், விலை கூறுதல் ஆகியவை வினைகளாகும். (விலை பெயர்ச்சொல்லே ஆயினும் இங்கே தனிப் பொருளாக அன்றி வேறொரு பொருளின் பண்பாக (அட்ரிபியூட்) நிற்பதே தகும்; இந்த உத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது.) விரலி, கிழங்கு ஆகிய இரு மஞ்சள் வகைகளும் மஞ்சள் என்னும் வகுப்பின் (கிளாஸ், பொருள்களுக்கான வார்ப்பு) வழிவந்தவை; ‘மதிப்பிடு’ என்ற ஒரே செய்தியை இரண்டுக்கும் அனுப்பினால், ஒவ்வொன்றும் தனக்குரிய வினையைத் தானே தேர்ந்து இயக்கும். பல்லுருமை (பாலிமார்ஃபிசம்) என்பது இதுதான். தனித்து நிற்கும் செயற்கூற்றை அழைப்பதற்கும் பொருளுக்குச் செய்தி அனுப்புவதற்கும் உள்ள இவ்வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘வினை’ என்றதும் ஊழ்வினை நினைவுக்கு வரும் என்ற தயக்கம் எழலாம். பள்ளி இலக்கணத்தில் வினைமுற்றும் வினையெச்சமும் படித்தவருக்கு அது இடையூறாகாது. கூட்டுச்சொற்களும் எளிதில் அமைகின்றன: புதுப் பொருளை உருவாக்கும் கட்டமைப்பானுக்கு (கன்ஸ்ட்ரக்டர்) ‘ஆக்குவினை’, பொருளுக்கன்றி வகுப்புக்கே உரியதற்கு ‘வகுப்புவினை’. தாய்வகுப்பின் வினையைச் சேய்வகுப்பு மாற்றி எழுதுவதற்கு (ஓவர்ரைடிங்) மட்டும் ‘மேலெழுதுதல்’ என்ற சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை, ஏனெனில் பழைய வினை அழிவதில்லை, தாய்வகுப்பில் அப்படியே இருக்கிறது. ‘மாற்றுவினை’ பொருந்துமா என்று நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.