சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தினக் கைப்பிரதி: குடும்பக் குழுவில்

சாம்: பெரியப்பா, சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டேன். "1947 செப்டம்பர் 27-ல எல்லா சபையும் ஆங்கிலிக்கன் சபையில சேர்ந்துச்சு"ன்னு ஆரம்பிக்கிறேன். சரியா?

ராஜன் பெரியப்பா: அந்த வரியை எடுத்துடுப்பா. யாரும் யார்கிட்டயும் போய்ச் சேரல. மூணு தரப்பும் பழைய பேரை விட்டுட்டுப் புதுசா ஒரே சபையானாங்க. ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை வழி வந்த தரப்புல சென்னை, தோர்ணக்கல், திருநெல்வேலி, திருவிதாங்கூர்-கொச்சி, இந்த 4 திருமண்டலம், அதாவது ஒரு பேராயர் பொறுப்புல இருக்கிற பகுதி. அடுத்தது மெதடிஸ்ட். மூணாவது, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-லயே ஒண்ணாகி உருவான தென்னிந்திய ஐக்கிய சபை. ஆராதனை நடந்தது சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல.

ஜெபா அத்தை: நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் சபைகள் அந்த ஐக்கிய சபை வழியாத்தான் வந்துச்சு. யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் அப்படித்தான். அதனாலதான் இலங்கையில சி.எஸ்.ஐ. யாழ்ப்பாணத் திருமண்டலம் தனி, ஆங்கிலிக்கன் இலங்கைத் திருச்சபை தனி.

சாம்: தரங்கம்பாடியில பேச ஆரம்பிச்சது 1919. ஏன் 28 வருஷம் இழுத்துச்சு?

ராஜன் பெரியப்பா: குருப்பட்டம். உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடுற லாம்பெத் மாநாடு 1888-ல ஐக்கியத்துக்கு 4 அடிப்படை சொல்லிச்சு: வேதாகமம், விசுவாசப்பிரமாணம், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வழிவழியா வர்ற பேராயர் ஊழியம். முதல் மூணுல தகராறு இல்ல. நாலாவதுல மாட்டிக்கிச்சு. பேராயர் தலையில கை வைக்காமப் பட்டம் வாங்குன ஐயர்மாருக்கு, அதாவது போதகர்களுக்கு, மறுபடி கை வைக்கணும்னா, அதுவரைக்கும் அவங்க கொடுத்த திருவிருந்து செல்லாதுன்னு ஆகிடும். அதை அவங்க எப்படி ஏத்துக்குவாங்க? கை வைக்காம விட்டா ஆங்கிலிக்கன்ல பலபேருக்கு மனசாட்சி இடம் கொடுக்கல.

சாம்: அப்புறம் எப்படித் தீர்ந்துச்சு?

ராஜன் பெரியப்பா: ஏற்கெனவே பட்டம் வாங்குனவங்களை அப்படியே ஏத்துக்கிட்டாங்க, மறுபட்டம் கிடையாது. 1947-க்கு அப்புறம் வர்ற எல்லாப் பட்டமும் பேராயர் கையால. இந்த ரெண்டு வகையும் கலந்து இருக்க 30 வருஷம் இடைக்காலம். கூடவே ஒரு உறுதிமொழி: எந்தச் சபை மேலயும் அதோட மனசாட்சிக்கு விரோதமா ஊழியரையோ ஆராதனை முறையையோ திணிக்கக் கூடாது. பேராயர் ஊழியத்துக்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்பணும்னும் கட்டாயம் இல்ல. என்னைக் கேட்டா, ஐக்கியம் நின்னதே இந்தப் பொறுமையாலதான்.

ஜெபா அத்தை: அன்னைக்கே புதுசா 9 பேராயர்களை அபிஷேகம் பண்ணினாங்க. மதுரை-இராமநாதபுரத்துக்குப் பேராயரா வந்த நியூபிகின் ஸ்காட்லாந்து சபை அனுப்புன பிரஸ்பிட்டேரியன். இதுக்காக உழைச்ச நம்ம வெள்ளாளன்விளை அசரியா பேராயர் 1945 ஜனவரி 1-லயே போயிட்டார். அவர் பேர் இல்லாம கைப்பிரதி போகக் கூடாது சாம்.

சாம்: கண்டிப்பா அத்தை. எல்லா ஆங்கிலிக்கனும் உடனே ஒத்துக்கிட்டாங்களா?

ராஜன் பெரியப்பா: இல்ல. ஆந்திராவுல நந்தியால் பக்கத்து எஸ்.பி.ஜி. (ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம்) சபைகள் வெளிய நின்னுச்சு, 1975-லதான் உள்ள வந்துச்சு. 1948 லாம்பெத்துல பேராயர்களே ரெண்டுபட்டாங்க. 1955-ல இங்கிலாந்து சபை, சி.எஸ்.ஐ.யில பேராயர் கையால வாங்குன பட்டம் மெய்யான பட்டம்னு ஏத்துக்கிச்சு. ஆனா பழைய மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் ஐயர்மார் அங்க போய்த் திருவிருந்து நடத்த முடியல. இங்க ஒண்ணானதுக்காக அங்க வாசல்ல நிக்க வேண்டியிருந்துச்சு. அது இன்னும் மனசை உறுத்துது.

சாம்: இப்போ உலக ஆங்கிலிக்கன் சபைகள்ல கேன்டர்பரி பேராயர் ஒரு பக்கம், பழமைவாத ஆங்கிலிக்கன் கூட்டமைப்பான காஃப்கான் ஒரு பக்கம்னு நிக்கிறாங்களே, அங்கயும் இப்படி ஒரு திட்டம் போட முடியாதா?

ராஜன் பெரியப்பா: கஷ்டம். ஒவ்வொரு மாகாண சபைக்கும் சொந்தச் சட்டம். லாம்பெத் தீர்மானம் யாரையும் கட்டாது, கேன்டர்பரி பேராயரால உத்தரவு போட முடியாது. ஓரினச் சேர்க்கைக்கு எதிரா 1998-ல தீர்மானம் போட்டும், 2003-ல அமெரிக்காவுல ஓரினச் சேர்க்கையாளரான நியூ ஹாம்ப்ஷயர் பேராயரோட அபிஷேகத்தைத் தடுக்க முடியல. அதை எதிர்த்தவங்க 2008-ல ஜெருசலேம்ல காஃப்கானாக் கூடினாங்க. இங்க மூணு தரப்பும் ஒரே திட்டத்தை வரிவரியாப் படிச்சு, அவங்கவங்க மன்றத்துல ஓட்டுப் போட்டு நிறைவேத்தினாங்க.

ஜெபா அத்தை: பிள்ளைகளுக்கு இவ்வளவும் ஏறாது சாம். திருவிருந்துக்கு முன்னால கையைக் கோத்து சமாதானம் கொடுக்கிறோமே, அதைப் போடு. சி.எஸ்.ஐ.யோட 1950 ஆராதனை முறைக்கு அது கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவங்க வழிபாட்டுல இருந்து வந்துச்சு. குருவானவர் மேசைக்குப் பின்னால சபையைப் பார்த்து நிக்கிற முறையும் அதே புஸ்தகத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை அவங்க கண்ணாலயே பார்க்கலாம்.