அயர்லாந்தில் பிரதமரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களா? படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

சிப்புட்_வாசகசாலை:

வணக்கம். மலேசியாவின் பினாங்கில் உள்ள ஐரிஷ் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இடம் கிடைத்து, முதல் இரண்டரை ஆண்டு டப்ளினில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக சுங்கை சிப்புட்டில் ஒருநாள் வழிகாட்டு வகுப்பு நடத்துகிறோம். விசா, குளிர் உடை, சமையல் பற்றிய குறிப்பெல்லாம் தயார். ஒரு விஷயத்தில்தான் நிற்கிறோம். முன்னால் போனவர்கள் எல்லாரும் ஒரே வியப்பைச் சொல்கிறார்கள்: பிரதமரையும் அதிபரையும் வெறும் பேரால் சொல்கிறார்கள்; பெரிய நடிகர் பக்கத்தில் நின்று ரொட்டி வாங்கினாலும் யாரும் கைப்பேசியை எடுப்பதில்லை; மாலை இல்லை, பொன்னாடை இல்லை. டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கப் பழகிய பிள்ளைகள் இவர்கள். அது அங்கே அவமரியாதையா, அல்லது வேறு வகை மரியாதையா? யாரை எப்படிக் கூப்பிடுவது, எங்கே தவறு நடக்கும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாயோ_மழை:

தோட்டத்து வரலாறு தெரிந்த நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1941 கிள்ளான் ரப்பர் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலி உயர்வோடு அதையும் சேர்த்துக் கேட்டார்கள். அயர்லாந்துக்காரரின் மனநிலைக்கும் வேர் அதே இடத்தில்தான்.

அங்கே நிலம் முழுக்கப் பிரபுக்களிடம், பெரும்பாலும் ஆங்கிலேய வழி வந்தவர்களிடம், இருந்தது. குடியானவர் குத்தகைக்கு உழுதார். பிரபுவின் முகவரைக் கண்டால் தொப்பியைத் தொட்டு வணங்கினார். 1879இல் நிலப் போராட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாயோ மாவட்டத்தில், எர்ன் பிரபுவின் முகவர் கேப்டன் சார்ல்ஸ் பாய்காட்டை ஊரே ஒதுக்கி வைத்தது. வேலைக்கு ஆள் போகவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேரை இறக்கினார்கள். அவர்களுக்குக் காவல் நிற்க ஏறக்குறைய ஆயிரம் படையினர். 'பாய்காட்' என்ற சொல்லே அந்த மனிதரின் பேர்தான். பிறகு 1903 நிலச் சட்டம் வந்து, அரசுக் கடனில் குத்தகைக்காரர்கள் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். அப்படித் தலை நிமிர்ந்த சமூகம், தன் ஆளையே மறுபடி பிரபு ஆக்க விரும்பவில்லை.

அதைச் சட்டத்திலும் எழுதி வைத்தார்கள். 1937 அரசியலமைப்பின் 40ஆவது பிரிவு, அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் வழங்கக் கூடாது என்கிறது. வெளிநாட்டுப் பட்டத்தை ஒரு குடிமகன் ஏற்பதானால் அரசின் முன் அனுமதி வேண்டும். டத்தோ, டான்ஸ்ரீ போன்ற விருது வரிசையே அங்கு கிடையாது. பாடகர் போனோவுக்கு 2007இல் பிரிட்டன் கொடுத்தது வெளிநாட்டவருக்கான கௌரவப் பட்டம். அதனால் அவர் பேருக்கு முன்னால் 'சர்' வராது. வகுப்பில் இந்த ஒன்றைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி தேர்தல் முறை. 30,000 பேருக்கு ஒருவருக்குக் குறையாமல் நாடாளுமன்ற உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. இப்போது 43 தொகுதிகளில் 174 பேர். நம் நாட்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு ஒருவர். ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 இடங்கள். வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை எண் போடுவார். ஒரே கட்சிக்காரர் இருவர் ஒரே தொகுதியில் போட்டி போடுவதால், கட்சிக் கொடியை நம்பி வீட்டில் உட்கார முடியாது. கதவைத் தட்டி நின்றவரைத்தான் ஊர் நினைவு வைக்கிறது. அமைச்சரானாலும் கதவைத் தட்டியே ஆக வேண்டும்.

பினாங்கு_வார்டு7:

கூப்பிடும் முறை பற்றி நான் சொல்கிறேன்.

பிரதமரின் பதவிப் பேர் 'டீஷக்', துணைப் பிரதமர் 'டோனிஷ்டெ', நாடாளுமன்றக் கீழவை 'டாய்ல்', அதன் உறுப்பினர் 'டி.டி.'. ஆங்கிலத்தில் பேசும்போதும் இந்த ஐரிஷ் சொற்கள்தான். கடிதத்தில் 'டியர் டீஷக்' என்று பதவியைப் போட்டு எழுத வேண்டும்; அங்கே வெறும் பேர் பொருந்தாது. தெருப் பேச்சில் மட்டும்தான் பேர். 1997 முதல் 2008 வரை பிரதமராக இருந்த அஹெர்ன் எல்லாருக்கும் 'பெர்ட்டி'. மும்பை மருத்துவரின் மகனான முன்னாள் பிரதமர் வரத்கர் 'லியோ'. 14 ஆண்டு அதிபராக இருந்த ஹிக்கின்ஸ் 'மைக்கேல் டி'.

நம் காதுக்கு அது 'அவன், இவன்' போலக் கேட்கும். அப்படி இல்லை. ஐரிஷ் மொழியில் ஒருவரிடம் பேசும்போது 'தூ', பலரிடம் 'ஷிவ்'. ஒரே ஆளுக்கு 'நீங்கள்' போடும் மரியாதைப் பன்மை வழக்கில் இல்லை. மரியாதையைக் குரலில், காத்திருப்பதில், நன்றி சொல்வதில் காட்டுகிறார்கள். பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் போனால் அதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

விரிவுரையாளர் தன் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால், அடுத்த மின்னஞ்சலிலிருந்து அந்தப் பேரையே எழுதலாம். முதல் மின்னஞ்சலுக்கு 'டாக்டர்' அல்லது 'புரொபசர்'. மருத்துவமனையில் ஒரு பொறி உண்டு: அறுவை மருத்துவரை 'டாக்டர்' என்று சொல்வதில்லை, 'மிஸ்டர்' அல்லது 'மிஸ்'. அது தாழ்வு இல்லை, அந்தத் துறையின் பழைய மரபு. நம் பிள்ளைகள் இதில்தான் முதல் வாரம் தடுமாறுவார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'சர்' போடுவதையும் விடச் சொல்லுங்கள்; கேட்பவர் நெளிவார்.

பிரபலங்கள் விஷயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 ஊரடங்கில் ஹாலிவுட் நடிகர் மேட் டேமன் டப்ளின் அருகே டால்கியில் மாட்டிக்கொண்டார். சூப்பர்வேல்யூ கடைப் பையோடு அவர் நிற்கும் படம் உலகம் சுற்றியது. உள்ளூர்க்காரர்களோ அவர் தங்கிய வீட்டைக் காட்டிக் கொடுக்கவில்லை. பார்த்தால் ஒரு தலையசைப்பு போதும். தோளில் கை போட்டுப் படம் எடுப்பது, குடும்பத்தோடு சாப்பிடுகிறவரை எழுப்புவது வேண்டாம்.

விளையாட்டையும் சொல்ல வேண்டும். 82,000 பேர் அமரும் குரோக் பார்க்கில் இறுதியாட்டம் ஆடும் ஐரிஷ் காற்பந்து, ஹர்லிங் (மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் ஆட்டம்) வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. கில்கென்னி மாவட்ட ஹர்லிங் அணிக்கு 11 கிண்ணம் வாங்கித் தந்த பயிற்சியாளர் பிரையன் கோடி தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 2015இன் சிறந்த காற்பந்து வீரர் ஜேக் மெக்காஃப்ரி மருத்துவர். நட்சத்திரமே பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தினால் யார் மாலை போடுவார்கள்?

செம்பனை_லோரி:

மேலே சொன்னது சரி. ஆனால் "அவர்கள் யாரையும் பெரிதாக நினைப்பதில்லை" என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். 1963இல் ஐரிஷ் வழி வந்த அமெரிக்க அதிபர் கென்னடி வந்தபோது நாடே தெருவில் நின்றது; அவர் படத்தைப் போப்பாண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய வீடுகள் ஏராளம். 1979இல் பீனிக்ஸ் பூங்காவில் போப்பாண்டவரின் பூசைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம். ஒபாமா 2011இல் தன் முன்னோர் ஊரான மணிகாலுக்கு வந்தார். இன்று அங்கே நெடுஞ்சாலை ஓய்விடத்துக்கே அவர் பேர். கடல் தாண்டிப் போய் உயர்ந்தவரைக் கொண்டாடுவார்கள்.

உள்ளூரில் இருந்துகொண்டே தலைக்கனம் காட்டினால் மட்டும் விட மாட்டார்கள். அதற்கு 'நோஷன்ஸ்' என்று பேர். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். போனோவின் குழு 2006இல் வரிக் கணக்கில் ஒரு பகுதியை நெதர்லாந்துக்கு மாற்றியதற்கு இன்னும் திட்டு வாங்குகிறார்கள். ஆகவே அப்பா டத்தோ, எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் இத்தனை ஏ என்று அறிமுகத்திலேயே சொல்ல வேண்டாம். கேட்டால் சொல்லலாம், சுருக்கமாக.

இன்னொன்று: அவர்கள் தங்கள் பிரதமரை முட்டாள் என்று திட்டும்போது நாமும் சேர்ந்து திட்டக் கூடாது. வீட்டுச் சண்டையில் விருந்தாளி வாய் திறக்காத மாதிரி. நண்பர்கள் நம்மைக் கிண்டல் செய்வதை 'ஸ்லேகிங்' என்பார்கள், பிடித்தவரைத்தான் செய்வார்கள். நிறம், மதம் பற்றிப் போனால் அது கிண்டல் இல்லை. அங்கேயே நிறுத்தச் சொல்லலாம், கல்லூரியில் புகாரும் கொடுக்கலாம்.

சிப்புட்_வாசகசாலை:

மிக்க நன்றி. சைக்கிள் விஷயத்தை வைத்தே வகுப்பைத் தொடங்குகிறோம். இன்னும் ஒரு கேள்வி: குடியேற்ற அட்டை தாமதமானால் பிள்ளைகள் அந்த ஊர் டி.டி.யிடம் போகலாமா? குடிமக்கள் இல்லையே.

மாயோ_மழை:

போகலாம். டி.டி.க்கள் குறித்த நேரத்தில் மக்களைப் பார்ப்பார்கள். அதற்கும் 'கிளினிக்' என்றுதான் பேர், நோயாளி கிளினிக் என்று குழம்ப வேண்டாம். முதலில் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். அங்கே நகராவிட்டால் டி.டி.யின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல். விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, வந்த பதில்கள், என்ன வேண்டும் என்ற ஒரு வரி, எல்லாம் ஒரே பக்கத்தில். அசல் ஆவணம் கொடுக்காதீர்கள், நகல் போதும். மாணவரே எழுத வேண்டும். இங்கிருந்து அப்பா எழுதினால் பயன் குறைவு. டி.டி. துறைக்குக் கடிதம் எழுதுவார், நாடாளுமன்றத்தில் கேள்வி கூடப் போடலாம். முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அன்பளிப்பு, பழக்கூடை எதுவும் கொண்டு போகக் கூடாது. வேலை முடிந்ததும் இரண்டு வரி நன்றி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

உள்ளாட்சித் தேர்தலில் 18 வயதான எந்த நாட்டவரும், அங்கே வசித்தால், வாக்களிக்கலாம். கடைசியாக நடந்தது 2024 ஜூனில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பி.பி.எஸ். எண் (அரசுச் சேவைகளுக்கான அடையாள எண்) கிடைத்த பிறகு இணையத்திலேயே பதிந்துகொள்ளலாம்.