கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது உங்களைப் படுத்தி எடுத்த கேசட் எது? (அனுபவப் பகிர்வு)

நாடாப்பித்தன்
ஒரு சி-90 (90 நிமிடக் கேசட்). வீட்டில் பதிந்த பாட்டு. எந்த டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போட்டாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி மந்தம். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால், பஞ்சு பழுப்பில்லாமல் வரும் வரைக்கும் துடைத்தாயிற்று, பலன் இல்லை. கடைசியில் அஜிமத், அதாவது டேப்போடு ஹெட் நிற்கும் சாய்வைச் சரிசெய்வது.

ஹெட்டின் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் வைத்த பக்கத்தை மட்டும் தொடுங்கள், அதுவும் முதலில் இருந்த நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்ட பிறகு. இடது, வலது இரண்டு சேனலையும் மோனோவாக (ஒன்றாக) கலந்து ஹெட்ஃபோனில் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஒரு புள்ளியில் ‘ச’வும் ‘ஸ’வும் சட்டென்று முன்னால் வந்து நிற்கும், ஜால்ராவின் விளிம்பு கேட்கும். இன்னும் ஓர் இழை தாண்டினால் போயே போச்சு. மோனோ எதற்கு என்றால், ஹெட் சாய்ந்திருக்கும்போது ஒரு சேனல் மற்றதைவிடத் துளி பின்தங்கும். இரண்டையும் கூட்டினால் ட்ரெபிள் எனும் கூர்மையான உச்ச ஒலிதான் முதலில் அடிபடும். காதுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ‘பி’ பக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்து.

பழைய டெக்
நாடாப்பித்தன் சொன்னது சரி, ஆனால் மந்தம் என்றதுமே ஸ்க்ரூட்ரைவரை எடுக்காதீர்கள். எனக்கு வந்த கேசட்டில் ட்ரெபிள் இல்லாததோடு சத்தமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கம் நடுவில் பார்த்தால் வெறும் உலோகத் தகடு. அதன்மேல் இருக்க வேண்டிய ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து உள்ளே உதிர்ந்து கிடந்தது. டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பதே அந்தத் துண்டுதான். அது இல்லாமல் அஜிமத் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் வீண்.

வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்துப் பொருத்துவது நல்லது. ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் சுலபம். உருக்கி ஒட்டிய கூடு என்றால் விளிம்பில் கத்தியால் பிளந்து, இரண்டு சுருளையும் ஸ்க்ரூ வைத்த கூட்டுக்கு மாற்ற வேண்டியதுதான். மேலும் கீழும் இருக்கும் வழுவழுப்பான தாள்களை விட்டுவிடாதீர்கள், அவை இல்லையென்றால் சுருள் இறுகிக் கீச்சிடும். டேப் அறுந்திருந்தால் அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாதான் போட வேண்டும். சாதாரண செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும்.

இரட்டைக் கேப்ஸ்டன்
@பழைய டெக்: எல்லா டெக்குக்கும் அது பொருந்தாது. டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டன் இரண்டு இருந்தால் டேப்பின் இழுவையே அதை ஹெட்டில் உட்கார வைத்துவிடும். நாகமிச்சி டெக்குகளில் அந்த ஃபெல்ட்டை விலக்கித் தள்ளும் அமைப்பே உண்டு. ஃபெல்ட் உதிர்ந்த கேசட்டை முதலில் அப்படி ஒன்றில் போட்டுப் பார்க்கலாம், கூட்டைப் பிளக்கும் வேலை மிச்சம்.

அரைச்சுருதி
எனக்கு உறுத்தியது வேகம். பாடகர் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்டது, ஆனால் ஒப்பிட வேறு பதிவு கிடையாது. கைகொடுத்தது கரண்ட் ஹம். பதிவு செய்த அன்று மைக் வயர் வழியாக நுழைந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் டேப்பிலேயே பதிந்திருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பாட்டில்லாத இடத்தைத் தேர்ந்து, ஸ்பெக்ட்ரம் வரைபடத்தின் அளவை 65536 என்று வைத்துப் பார்த்தால் 50 இருக்க வேண்டிய இடத்தில் 51.5. மூன்றாம் மடங்கும் 150க்குப் பதில் 154.5. அப்படியானால் 3% வேகம் கூடுதல், ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கிட்டத்தட்டப் பாதி. வேகத்தை −2.91% (50 ÷ 51.5 கணக்குப்படி) மாற்றியதும் குரல் தன் இடத்துக்கு வந்துவிட்டது. டெம்போ மாற்றும் கருவியைத் தொடாதீர்கள், அது சுருதியை அப்படியே விட்டுவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: டேப்பை நிறுத்திய பிறகும் ஹம் கேட்டால் அது இன்றைய டெக், வயருடையது, அளவுகோலாகாது. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் அது பெரும்பாலும் அடங்கும். பதிந்த நாட்டில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் கணக்கு 60, 180.

ட்ரெபிள் காவலர்
என்னிடம் வந்த கோப்பு முழுக்கக் கரகரப்பு, ஒரே சேனல். டெக்கின் ஒலி வெளிவரும் லைன் அவுட்டை லேப்டாப் மைக் ஓட்டையில் செருகியிருந்தார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே எல்லோரும் டெக்கோடு நின்றுவிட்டீர்கள். லைன் இன் இருக்கும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள். விண்டோஸில் ஆடியோ மேம்பாடுகள் அனைத்தையும் அணையுங்கள், இல்லையென்றால் மெதுவான இடங்களில் இரைச்சல் தானாக ஏறும். கம்ப்யூட்டரில் பதிவதற்கு முன் கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடையுங்கள், தவறிப்போய் அதன்மேல் பதிந்துவிடாது. ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள், சுருளின் இறுக்கம் சீராகும். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்சம் −6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். டேப்பின் இரைச்சலே 24 பிட் பதிவின் சொந்த இரைச்சலைவிட எவ்வளவோ மேலே இருப்பதால், பூஜ்யத்தைத் தொட வைத்து லாபம் இல்லை. 90 நிமிடத்துக்கு வேவ் கோப்பு சுமார் 1.4 ஜிபி வரும், ஃப்ளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) மாற்றினால் நன்றாகவே குறையும்.

டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனைப் பற்றி யாரும் பேசவே இல்லை. டால்பி பி-யில் பதிந்து ட்ரெபிள் தேய்ந்த டேப்பில் அந்தப் பட்டனைப் போட்டால் மிச்ச ட்ரெபிளையும் அது தின்றுவிடும். முதலில் அஜிமத், பிறகு பட்டன். இரைச்சல் நீக்கத்தை மூலக் கோப்பில் கை வைக்காமல் பிரதியில் மட்டும் செய்யுங்கள். 6 முதல் 9 டெசிபெல் போதும். அதற்கு மேல் போனால் குரலின் வால் அறுந்து, தண்ணீருக்குள் குமிழி வருவது காதில் விழும். இரைச்சல் மாதிரியை டேப்பின் ஆரம்பத்திலுள்ள வெற்றுத் துண்டான லீடரிலிருந்து எடுக்காதீர்கள், அதில் காந்தப் பூச்சே கிடையாது. பதிவு தொடங்கிப் பாட்டு வருவதற்கு முன் இருக்கும் ஒன்றிரண்டு நொடிதான் சரியான இடம்.

நாடாப்பித்தன்
@ட்ரெபிள் காவலர்: வரிசை ஒப்புக்கொள்கிறேன். டால்பி போட்டும் போடாமலும் இரண்டு கோப்பு எடுத்து வைக்கலாம், டிஸ்க் இடம் இன்று பெரிய விஷயமில்லை.

@அரைச்சுருதி: 3% மொத்தமும் சீராகவே இருந்ததா? பாட்டின் முடிவில் ஹம்மை மறுபடி அளந்து பாருங்கள். ஆரம்பத்தில் 51.5, கடைசியில் 51 என்று வந்தால் பெல்ட் அல்லது பின்ச் ரோலர் (டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை) வழுக்குகிறது. ஒரே எண்ணில் திருத்தக் கூடாது. ரோலர் ரப்பர் கண்ணாடி போல மின்னினால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய வைத்து, மறுபடி பதியுங்கள்.