எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்? டர்பன் திரைகளில் அண்மைப் படங்கள்

கடைசிவரிசை (பீனிக்ஸ்):

ஒரே படத்தைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டால், தென்னாப்பிரிக்காவின் இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியது ‘நீங்க பார்த்தது எத்தனை நிமிஷம்?’ என்பதைத்தான். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று 177 நிமிடத்தோடு வந்தது. சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். அதே ஆண்டு ‘இந்தியன் 2’ மூன்று மணி நேரம். அதிலும் வெளியான பிறகு 12 நிமிடம் போயிற்று. சென்னையில் வெட்டிய பிரதி இங்கே வந்து சேருமா சேராதா என்பது விநியோகஸ்தர் கையில். அதனால் இந்தத் திரியில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் நீளம், சப்டைட்டில், சத்தம் மூன்றையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் படத்துக்குப் போங்கள்.

மெய்யழகன்: முழு நீளப் பிரதியே சரி. பெயர்கூட ஞாபகம் வராத ஒரு சொந்தக்காரனின் உபசாரத்தில் மாட்டிக்கொண்டவனின் கூச்சம்தான் படம். கூச்சம் கரைய நேரம் வேண்டும். அந்த நேரத்தை வெட்டினால் கார்த்தியின் பாசம் திணிப்பாகத் தெரியும், அரவிந்த்சாமியின் அழுகை முன்கூட்டியே வந்துவிடும். சலிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஊர்ப் பெருமை பேசும் இடங்களில் எனக்கும் கை கடிகாரத்துக்குப் போகும்.

இந்தியன் 2: எந்தப் பிரதியானாலும் ஒன்றுதான். நோய் நீளத்தில் இல்லை.

சப்டைட்டில்காரி (சாட்ஸ்வர்த்):

நீளம் மட்டும் போதாது அண்ணா. இங்கே இருக்கும் தமிழர்கள் நாலாம், ஐந்தாம் தலைமுறை. தமிழ் காதில் விழும். புரிவது கீழே ஓடும் ஆங்கிலத்தில். அப்படிப் பார்ப்பவருக்கு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) பாதிப் படம்தான். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம், வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படுகிறது. படத்தின் நகைச்சுவையும் பதற்றமும் அங்கேதான். சப்டைட்டிலில் சசிகுமார் பேசுவதும் சென்னைக்காரர் பேசுவதும் ஒரே ஆங்கிலம். பக்கத்தில் தமிழ் தெரிந்த பாட்டி இருந்தால் கூட்டிப் போங்கள், அவர் சிரிக்கும் இடத்தைக் கவனியுங்கள். படத்துக்கு என் தீர்ப்பு: நல்ல மனசு, இரண்டாம் பாதியில் எல்லாரும் கொஞ்சம் அதிகமாக நல்லவர்கள். கடல் கடந்து வந்தவர் கதை என்பதால் இங்கே பலர் உருகினார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் கூலி வேலைக்கு இங்கே வந்த நம் முன்னோர்களிடம் ஒப்பந்தச் சீட்டு இருந்தது, இவர்களிடம் அதுவும் இல்லை என்ற வித்தியாசத்தையும் பார்க்கணும்.

‘லப்பர் பந்து’ (2024) நேர்மாறு. கிரிக்கெட் தெரிந்த ஊர் என்பதால் சப்டைட்டில் தடுமாறினாலும் படம் நிற்கிறது. ஹரீஷ் கல்யாணுக்கு அணியில் இடம் கிடைக்காததற்குக் காரணம் சாதி. அது பாதி வசனத்திலும் பாதி பார்வையிலும் நடப்பதால், எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்வை தப்பிவிடும். மாமியார், மருமகன், மாமனார் மூவருக்கும் இப்படிச் சமமாக வேலை கொடுத்த படம் சமீபத்தில் இல்லை. அட்டகத்தி தினேஷுக்காகவே பார்க்கலாம்.

ஒரு பொதுக் குறிப்பு. சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வரிக்கு 40 எழுத்துச் சொச்சம். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் காட்சியில் இந்த அளவுக்குள் எல்லாம் அடங்காது. மொழிபெயர்த்தவர் யாரையாவது விட்டுவிடுவார். பெரும்பாலும் விடுபடுவது பின்னால் நிற்கும் பெண்களின் முணுமுணுப்பு. பாட்டு வரிகளையும் பலர் மொழிபெயர்ப்பதில்லை. ‘வாழை’யில் பாட்டை விட்டால் கதையில் ஒரு துண்டு போய்விடும்.

புரொஜெக்டர்அறை (அம்லாசி):

சப்டைட்டிலே வராமல் ஓடும் காட்சிகளுக்குக் காரணம் பெரும்பாலும் படத்தில் இல்லை. டிசிபி என்பது தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படக்கோப்பு. ஒரே டிசிபி பெட்டியில் இரண்டு மூன்று பிளேலிஸ்ட் (எந்தப் படம், ஒலி, எழுத்து சேர்ந்து ஓடணும் என்ற பட்டியல்) வரும். பெயரில் மொழிப் பகுதியைப் பாருங்கள்: ஹைஃபனுக்குப் பின்னால் ‘இஎன்’ இருந்தால் ஆங்கில எழுத்து உண்டு, ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் இல்லை. ஆபரேட்டர் அவசரத்தில் இரண்டாவதைப் போட்டுவிடுவார். முதல் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே போய்ச் சொன்னால் நிறுத்தி மாற்றலாம். இடைவேளையில் சொன்னால் யாரும் திரும்பப் போட மாட்டார்கள்.

வியாழன் இரவுக் காட்சி தாமதமாவதற்கு வேறு காரணம். படக்கோப்பு டிஜிட்டல் பூட்டோடு வரும். சாவியும் ஒரு கோப்புதான்; படத்தை ஓட்டும் அந்தந்த சர்வருக்கென்று தனியாக, நேரக் கெடுவோடு வரும். இந்திய நேரப்படி வெள்ளி நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும் சாவி என்றால், இங்கே அது வியாழன் இரவு 8.30. எட்டு மணிக் காட்சிக்கு டிக்கெட் விற்றிருந்தால் அரை மணி நேரம் விளம்பரம்தான். சர்வரின் உள் போர்டை மாற்றியிருந்தால் பழைய சாவி திறக்கவே திறக்காது. புதிதாகக் கேட்டு வாங்கணும்.

இப்போது சத்தம். ‘கங்குவா’ (2024) வந்தபோது காது வலிக்கிறது என்று புகார் எழுந்து, தயாரிப்பாளரே வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். அந்த இரண்டு புள்ளி என்ன? தியேட்டர் ஃபேடரில் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில்) 7 என்பது படத்தின் ஒலியை மிக்ஸ் செய்த அறையின் அளவு. 4க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3.3 டெசிபெல். 7இலிருந்து 5க்கு வந்தால் 6.7 டெசிபெல் குறையும். கத்தல் தாங்கக்கூடியதாகும், ஆனால் அதே அளவில் மெதுவான வசனமும் இறங்கும். 4க்குக் கீழே கணக்கே வேறு: ஒரு எண்ணுக்கு 20 டெசிபெல். ‘அரைப் புள்ளிதானே’ என்று 4இலிருந்து 3.5க்கு இறக்கினால் பத்து டெசிபெல் போய், பாப்கார்ன் சத்தம்தான் கேட்கும். கங்குவாவுக்கு என் தீர்ப்பு: உழைப்பு தெரிகிறது, மூச்சு விட இடமில்லை. எல்லாமே உச்சத்தில் இருந்தால் உச்சம் எது என்று காதுக்குத் தெரியாது.

இதைச் சொல்லக் காரணம் ‘கொட்டுக்காளி’ (2024). பி.எஸ். வினோத்ராஜ் அதில் பின்னணி இசையே வைக்கவில்லை. ஷேர் ஆட்டோ, பைக்குகள், காற்று, கட்டிப்போட்ட சேவல், அவ்வளவுதான் ஒலி. முந்தைய வாரம் மசாலாப் படத்துக்காக இறக்கிய ஃபேடரை அப்படியே விட்டு இதை ஓட்டினால் படம் செத்துவிடும். பக்கத்து அரங்கின் பேஸ் சுவர் வழியாக வந்து இசையமைத்துவிடும்! மல்டிப்ளெக்ஸில் ஓரத்து அரங்கு கிடைத்தால் நல்லது. உட்கார வேண்டியது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடு வரிசையில். அன்னா பென் ஏறக்குறைய படம் முழுக்கப் பேசுவதில்லை. சுற்றியிருக்கும் ஆண்கள்தான் ஓயாமல் பேசுகிறார்கள், கத்துகிறார்கள். அந்த ஏற்ற இறக்கம் கேட்டால்தான் சூரியின் வன்முறை ஏன் திடீரென்று வந்தது போல் இல்லை என்பது புரியும். முடிவு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறது. ஏமாந்தோம் என்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம்.

காவடிக்காரர் (மவுண்ட் எட்ஜ்கோம்):

யாரும் ‘ஜமா’வைச் (2024) சொல்லவில்லையே. நம் நேட்டால் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் ராத்திரி முழுக்க ஆடிய தெருக்கூத்தை இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். ஆண்களே திரௌபதி வேஷம் கட்டுவதை நம் கோயில் வாசலில் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்தில் பெண் வேஷமே கட்டி வந்தவனுக்கு அர்ஜுனன் வேஷம் வேண்டும். இவ்வளவுதான் ஆசை, அதற்குள் கூத்து வாத்தியாரின் பொறாமை, தகப்பனின் பழைய கணக்கு எல்லாம் வருகிறது. பாரி இளவழகன் இயக்கி நடித்த முதல் படம். வீட்டில் நடக்கும் காதல் காட்சிகள் சுமார். கூத்து ஆரம்பித்ததும் இளையராஜா பின்வாங்கி மத்தளத்துக்கும் முகவீணைக்கும் இடம் விடுகிறார்; அங்கே படம் தன் உயரத்தைத் தொடுகிறது. வீட்டு டிவியில் பார்ப்பவர்கள் ‘டயலாக் என்ஹான்ஸ்’ மாதிரி வசதியை அணைத்துவிடுங்கள், மத்தளத்தின் அடிநாதத்தை அது தின்றுவிடுகிறது.

உள்ளூர்ப் படத்தையும் சொல்லணும். ஜயன் மூட்லியின் ‘கீப்பிங் அப் வித் தி கந்தசாமிஸ்’ (2017) இன்னும் தாங்குகிறது. சாட்ஸ்வர்த்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டு இரண்டு அம்மாக்களின் போட்டி. டர்பன் இங்கிலீஷின் வேகம்தான் அதன் இசை. அடுத்தடுத்த பாகங்களில் கல்யாணம், பயணம் என்று ஊரை விட்டு விலக விலக, சண்டைக்கு வேலி இல்லாமல் போய்விட்டது. வேலி இல்லாமல் பக்கத்து வீட்டுச் சண்டை ஏது?

சப்டைட்டில்காரி (சாட்ஸ்வர்த்):

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவின் ‘யு/ஏ’வை நம்பிக் கிளம்பாதீர்கள். அங்கே 2024 விதிகளில் அதையே 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள். இங்கே நம் தணிக்கை வாரியம் தனியாக எண் போடும். ‘10–12 பிஜி’ என்றால் பெரியவர் கூட இருக்கணும். ‘13’ என்றால் அம்மா அப்பா கூட வந்தாலும் அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்கு அனுமதியில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘வி’ வன்முறைக்கு, ‘எல்’ கெட்ட வார்த்தைக்கு.

கடைசிவரிசை (பீனிக்ஸ்):

கோயில் மண்டபத்தில் அனுமதி வாங்கிச் சிறு படங்கள் திரையிடும் குழுவினர், தனிக் கோப்பாக வந்த சப்டைட்டில் வசனத்தோடு பொருந்தாமல் விலகுகிறது என்று கேட்டிருந்தார்கள். புரொஜெக்டர் அண்ணே, சொல்லுங்க.

புரொஜெக்டர்அறை (அம்லாசி):

முதலில் தொடக்கத்தில் ஒரு வசனத்தையும் கடைசியில் ஒரு வசனத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் அத்தனை நொடி முன்னாலோ பின்னாலோ தள்ளினால் போதும். போகப் போகக் கூடினால் பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை பிரேம் என்ற எண்) பொருந்தவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் அளவுக்கு விலகினால் 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம். மூன்றரை நொடி போல் விலகினால் 23.976க்கும் 24க்கும் உள்ளது. சப்டைட்டில் எடிட்டரில் பிரேம் வேகத்தை மாற்றிச் சேமித்து, நடுவில் ஒரு இடத்தைச் சரிபார்த்த பிறகு ஆட்களை உள்ளே விடுங்கள். நடுவில் திடீரென்று தாவினால் உங்கள் பிரதியில் காட்சி ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் பிறகு வரும் வரிகளை மட்டும் தனியாகத் தள்ளணும்.