ஏபிசிடி தெரிந்த பிள்ளைக்கு இங்கிலாந்துப் பள்ளியில் ஏன் திணறல்?

கேள்வி: கோவையிலிருந்து வந்து இரண்டு மாதம். மகள் இயர் ஒன், அதாவது ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. ஏபிசிடி தலைகீழாகச் சொல்வாள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. வீட்டிலும் இனி ஆங்கிலமே பேசிவிடலாமா?

பதில்: வேண்டாங்க, தமிழிலேயே பேசுங்கள். நாங்களும் இதே குழப்பத்தில்தான் இருந்தோம்.

நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். இங்கே ஃபோனிக்ஸ், அதாவது ஓசைதான் முதலில். டீச்சர் என்னிடம், "ஓசைக்குப் பின்னால் 'அ' ஒட்டாதீர்கள்" என்றார். முழித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அட, நம் மெய்யெழுத்து! 'ம' இல்லை, புள்ளி வைத்த 'ம்'. ஸ், இ, ட் மூன்றையும் சேர்த்தால் ஸிட். உயிர்மெய் படித்த நமக்கு இதுவா கஷ்டம்? அன்றிலிருந்து நான்தான் வீட்டில் ஃபோனிக்ஸ் டீச்சர்.

ஜூனில் இயர் ஒன் பிள்ளைகளுக்கு, ஓசை கூட்டிப் படிக்கிறார்களா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 40 சொற்கள். அதில் 20 பொருளே இல்லாதவை, பக்கத்தில் ஏலியன் படம் போட்டிருக்கும். என் மகன் அவற்றைத் தெரிந்த சொல்லாக மாற்றி மாற்றிப் படித்தான். அப்புறம் 'டெப்', 'நிஸ்' என்று நானே கிறுக்கிக் கொடுத்து விளையாடினோம், சரியாகிவிட்டது. தேறாவிட்டாலும் பயமில்லை, இயர் டூவில் மறுபடி வைப்பார்கள்.

சொல்வளத்துக்கு அடுப்படியே போதும். 'அதை எடு' என்னாமல் 'ஜல்லிக்கரண்டியை எடு' என்று சொல்லிப் பாருங்கள். ஒருநாள், "வறுக்கிறதுக்கும் பொரிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான். எண்ணெயில்லாமல் வேர்க்கடலையை வறுத்தும், காய்ந்த எண்ணெயில் அப்பளத்தைப் பொரித்தும் காட்டினேன். ஆங்கிலப் பெயர் பள்ளியில் தானாக வந்துவிடும். பொருள் புரிந்த பிள்ளைக்குப் பெயர் ஒட்டிக்கொள்ள எத்தனை நேரம்?

பள்ளிப் புத்தகத்தைத் தினம் பத்து நிமிடம் அவள் படிக்கட்டும். தூக்கம் வந்தால் விட்டுவிட்டு நீங்கள் படித்துக் காட்டுங்கள். கவுன்சில் (உள்ளாட்சி) நூலகத்தில் இலவசமாகவே உறுப்பினராகலாம், இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். கோடை விடுமுறையில் அங்கே வாசிப்புச் சவால் நடக்கும், வழக்கமாக 6 புத்தகம் படிக்க வேண்டும். எதை எடுப்பது என்பதை மட்டும் அவளிடமே விடுங்கள். என் மகன் ஆறுமே டைனோசர்தான் எடுத்தான், நான் வாய் திறக்கவில்லை.