ஐசிடி வச்ச அப்பாவுக்கு பயோஃபீட்பேக் மூச்சுப் பயிற்சி, வீட்ல செய்யலாமா?

கேள்வி (மூத்த மகள்):
அப்பாவுக்கு கார்டியாக் அரெஸ்ட் வந்து சிபிஆர், ஷாக் எல்லாம் குடுத்து காப்பாத்துனாங்க, ஐசிடியும் (துடிப்பு தாறுமாறா போனா தானாவே ஷாக் குடுக்கற கருவி) உடம்புக்குள்ள வச்சாச்சு. டெஸ்ட் எல்லாம் ஓகேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க ஆனா மனுஷன் நிம்மதியா இல்ல, படுத்தா நெஞ்சு துடிக்கறது காதுல கேக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு, மாடி ஏறும்போது பாதியிலயே நின்னு மணிக்கட்ட பிடிச்சுப் பாக்குறாரு. கவுன்சிலர் எச்ஆர்வி (துடிப்புக்கு துடிப்பு இடைவெளி மாறறது) பயோஃபீட்பேக் சொல்றாங்க, நெஞ்சுல பெல்ட் கட்டி மொபைல்ல கோடு ஏறி இறங்கறத பாத்துக்கிட்டே மெதுவா மூச்சு விடணுமாம். நாள் பூரா நாடி பாக்கறவர் கையில இன்னொரு நாடி மெஷினா?

பதில் (மறுபிறவி):
எனக்கும் அதே கதைதாங்க, இப்போ தினமும் பண்றேன். மூச்சு இழுத்தா துடிப்பு கொஞ்சம் ஏறும், விட்டா இறங்கும், பொதுவா அப்படித்தான். நிமிஷத்துக்கு சுமாரா 6 மூச்சுன்னு மெதுவாக்குனா அந்த ஏத்த இறக்கம் பெருசாகி ஸ்க்ரீன்ல அலை மாதிரி அழகா வரும். துடிப்பு மாறுனாலே செத்தோம்னு நெனச்சவனுக்கு நான் மூச்சு விட்டா அது இறங்குதுன்னு கண்ணால பாத்ததுதான் பெரிய விஷயம். துடிப்பு நம்பர மட்டும் மறைச்சு வைங்க, அலைய பாத்தா போதும்.

பதில் (ரீஹாப் பிசியோ):
மொதல்ல ஐசிடி பாக்கற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கில்லாம துடிக்கறது) இருந்தாலோ, எக்ஸ்ட்ரா துடிப்பு நெறைய வந்தாலோ, துடிப்பு குறையும்போது ஐசிடியே தூண்டி விடற பேஸ்மேக்கர் வேலை அடிக்கடி நடந்தாலோ அந்த கோட்ட நம்ப முடியாது, ஆனா மூச்சுப் பயிற்சிய அப்பவும் செய்யலாம். 2000-ல லேரர், வாஷில்லோங்கற ஆராய்ச்சியாளர்கள் இந்த பயோஃபீட்பேக்குக்கு எழுதுன வழிமுறைல 20 நிமிஷம், ரெண்டு வேளைன்னு இருக்கும், உங்க அப்பாவுக்கு 5 நிமிஷத்துல ஆரம்பிங்க. எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, மெதுவான்னா ஆழமா இழுக்கணும்னு நெனச்சுக்கறாங்க. ரொம்ப இழுத்து விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை சுத்தும், விரல் நுனி, உதடு எல்லாம் மதமதன்னு ஆகும், ஏற்கனவே பயந்தவர் மறுபடி அட்டாக்குன்னு அலறிடுவாரு! சாதாரண அளவு மூச்சுதான், விடறது மட்டும் இழுக்கறத விட கொஞ்சம் நீளம். சிபிஆர்ல விலா எலும்பு அடிபட்டிருந்தா பெல்ட்டே வலிக்கும், காதுல மாட்டற சென்சார் போதும்.

மூத்த மகள்:
விலா வலி இன்னும் இருக்கு, காது சென்சாரே பாக்கறோம். ராத்திரி பயம் வரும்போது அந்த மெஷின எடுத்து பாக்கலாமா?

பதில் (மறுபிறவி):
வேண்டாங்க. மெஷின் பகல்ல பழகறதுக்கு மட்டும், ராத்திரி கண்ண மூடிட்டு அதே வேகத்துல மூச்சு விடட்டும், இல்லன்னா மணிக்கட்டுக்கு பதிலா மொபைல பிடிச்சுக்குவாரு.

பதில் (ரீஹாப் பிசியோ):
அதேதான். ஆனா நெஞ்சு வலி, மயக்கம், ஐசிடி ஷாக் அடிச்ச மாதிரி இருந்தா மூச்சு விட்டு சமாளிக்க உக்காராதீங்க, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. அப்புறம் கவுன்சிலிங்க நிறுத்திடாதீங்க, மாடி ஏற வைக்கறதெல்லாம் அவங்க கூட இருந்து செஞ்சாதான் சரியா வரும்.