லயனின் ‘கியூ’ கோபுரத்தில் மரீன்கள்: மருந்தறைக் கதவும் தண்ணீரும்

கடல்காகம்:
மரீன் (கடற்படையின் தரைப்போர் வீரன்) என்றாலே படகிலிருந்து குதித்துக் கரையேறுபவன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் பெருங்கப்பல்களில் பெரிய பீரங்கிக் கோபுரம் ஒன்றே மரீன்கள் பொறுப்பில் இருக்கும். லயன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அது நடுவிலிருந்த ‘கியூ’ கோபுரம்.

மேலே பீரங்கி அறை, அதில் 13.5 அங்குலக் குழல்வாய் கொண்ட பீரங்கிகள் இரண்டு. அதன் கீழே வேலை அறை. அங்கிருந்து கிணறு மாதிரி ஒரு தண்டு கப்பலின் அடிவரை இறங்கும். அடியில் மருந்தறை (வெடிமருந்து வைக்கும் அறை), அதற்கும் கீழே குண்டறை. குண்டு 1,250 பவுண்டு. அதைத் தள்ளும் வெடிமருந்தான கார்டைட் நான்கு பட்டுப் பைகளில் வரும், மொத்தம் 300 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. பட்டு ஏன் என்றால், எரிந்த பிறகு குழலுக்குள் கங்கு தங்காது. ஆனால் பை முனையில் பற்றவைக்கக் கருமருந்து தைத்திருக்கும். ஒரு பொறி போதும்.

வேகமாகச் சுட வேண்டும் என்ற வெறியில் பல கப்பல்களில் பைகளை முன்கூட்டியே வெளியே அடுக்கி, மருந்தறைக் கதவையும் திறந்தே வைத்திருந்தார்கள். தண்டு முழுக்கத் திரி போட்டதற்குச் சமம்.

நங்கூரம்:
லயனில் அந்தப் பழக்கத்தை நிறுத்தியவர் தலைமை கன்னர் (பீரங்கிப் பொறுப்பாளர்) அலெக்சாண்டர் கிராண்ட். தேவைக்கு மேல் ஒரு பை வெளியே வரக்கூடாது, சுடுவது நின்றால் கதவு மூடியாக வேண்டும். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

1916 மே 31, பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போர். மாலை 4 மணியளவில் ஜெர்மன் கப்பல் லுட்சோவின் குண்டு ‘கியூ’வின் முகத்தகடும் கூரைத்தகடும் சேரும் இடத்தில் விழுந்தது. இணைப்புதான் பலவீனமான இடம். கூரையின் முன்பாதி பறந்துபோனது, மேலிருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் செத்தார்கள். சாகும் நிலையில் கோபுரத்தின் தலைவர் மேஜர் பிரான்சிஸ் ஹார்வி மருந்தறையை மூடித் தண்ணீர் விடச் சொன்னார். சேதியைச் சொல்ல ஒரு சார்ஜென்டை பிரிட்ஜுக்கு (கப்பலை நடத்தும் மேல்தளத்துக்கு) அனுப்பினார்.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மேலே புகைந்துகொண்டிருந்த தீ சுமார் 4:28க்கு மிச்சக் கார்டைட்டைப் பிடித்தது. தண்டு வழியே சுவாலை கீழே பாய்ந்து அங்கிருந்தவர்களைக் கொன்றது. மேலே கொடிமர உச்சிவரை எழுந்தது. மருந்தறையில் அதற்குள் தண்ணீர் நின்றது.

உப்புக்காற்று:
ஜெர்மானியர்கள் இதை ஓராண்டு முன்பே பட்டார்கள். 1915 ஜனவரி 24, டாகர் பேங்க் கடற்போர்: அவர்களுடைய செய்ட்லிட்ஸ் கப்பலின் பின்கோபுரங்கள் இரண்டும் எரிந்து 150 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் கப்பலின் வில்ஹெல்ம் ஹெய்ட்காம்ப் கொதிக்கும் வால்வைத் திருகித் தண்ணீர் விட்டார். கைகள் வெந்துபோயின. அவர்களுடைய முக்கிய மருந்து பித்தளைக் குப்பியில் இருந்ததால் எரிந்ததே தவிர ஒரேயடியாக வெடிக்கவில்லை. பட்டுப் பையில் அந்த அவகாசம் கிடைக்காது. ஜட்லாண்டில் வெடித்துப்போன பிரிட்டிஷ் கப்பல் இன்டிஃபேட்டிகபிளில் 1,017 பேர் இறந்தார்கள், பிழைத்தவர் இருவர்.

நங்கூரம்:
ஆமாம், குப்பி பெரிய வித்தியாசம். லயனில் பிறகு பார்த்தபோது மருந்தறைச் சுவர் உள்பக்கமாக வளைந்திருந்தது. பின்னால் நின்ற தண்ணீர்தான் அதை முட்டுக்கொடுத்துத் தாங்கியது. கதவை மூடியதோடு விட்டிருந்தால் சுவர் நின்றிருக்காது.